கடல் கடந்த கல்வியும் கிராமசபையின் கடமையும்

மேட்டூர் அணையில் நீர் திறந்த செய்தி வந்தவுடன் வயலில் நீர் பாய்ந்துவிடுவதில்லை. வாய்க்கால்கள் தூர்வாரப்பட்டிருந்தால்தான் கடைமடைக்கு நீர் எட்டும் என்பதைத் தஞ்சை விவசாயிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அரசாங்கத்தின் உதவித் திட்டங்களும் அத்தகையனவே.

அயல்நாட்டில் உயர்கல்வி பெற மத்திய அரசு வழங்கும் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைத் திட்டம் 1954-55ஆம் ஆண்டில் தோன்றியது. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினர் ஆகியோருடன், நிலமற்ற விவசாயத் தொழிலாளர்களும் பரம்பரைக் கைவினைஞர்களும் இதனால் பயன் பெறலாம். நடவும் அறுவடையுமே வாழ்வாகக் கொண்ட குடும்பங்கள் மிகுந்த நம் வட்டாரத்திற்கு இதனினும் பொருத்தமான திட்டம் வேறு உண்டோ?

நாடு முழுவதற்குமான 125 இடங்களில் பட்டியல் சாதியினருக்கு 115 இடங்களும், சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினருக்கு 6 இடங்களும், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், கைவினைஞர் குடும்பங்களுக்கு 4 இடங்களும் ஒதுக்கப்பட்டுள்ளன. இடங்கள் குறைவு; ஆதலால் முன்னேற்பாடு மிகுதியாக வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்ச ரூபாய்க்கு மேற்படலாகாது. வயது 35க்குள் இருத்தல் வேண்டும். தகுதித் தேர்வில் 60 விழுக்காட்டு மதிப்பெண் தேவை. முதுகலைப் படிப்புக்கும் ஆராய்ச்சிப் பட்டத்திற்கும் கல்விக் கட்டணம், வாழ்க்கைச் செலவு, விமானக் கட்டணம் ஆகியவை தரப்படுகின்றன. இது கடன் அன்று. நிபந்தனையை மீறினாலன்றித் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. தமிழக அரசும் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் ஒன்றை நடத்தி வருகிறது.

டாக்டர் அம்பேத்கர் 1913ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றது, பரோடா சமஸ்தானம் அளித்த உதவித்தொகையினால்தான். ஒருவருக்குச் செய்த உதவி ஒரு நாட்டிற்கே பயன் தந்ததை நாம் அறிவோம்.

நாற்றங்காலைக் காலத்தே விடாதவன் நடவுக் காலத்தில் திகைப்பான். அவ்வாறே, விண்ணப்பம் கோரும் அறிவிப்பு வந்த பின் ஆயத்தம் தொடங்கினால் காலம் போதாது. அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் முதலில் இடம் பெறவேண்டும். அதற்கு ஆங்கிலத் திறன் தேர்வில் தேறவேண்டும். தமிழ் வழியில் பயின்ற மாணவர்கள் தயங்குவது இங்கேதான். ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கு இத்தேர்வுகளுக்கான இலவசப் பயிற்சியைத் தாட்கோ நிறுவனம் அளித்து வருகிறது. கல்லூரியில் சேர்ந்த முதலாண்டிலேயே இச்செய்தி மாணவரை எட்டவேண்டும்.

இதில் பஞ்சாயத்து உறுப்பினர்களின் பங்கு யாது? கிராமத்தில் கல்லூரி செல்லும் பிள்ளைகளின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து வைத்தல் முதற்பணி. கிராமசபைக் கூட்டங்களில் இத்திட்டங்களை வாசித்து விளக்குதல் இரண்டாவது. வருமானச் சான்று, சாதிச் சான்று, கடவுச்சீட்டு ஆகியவற்றை முன்கூட்டியே பெறத் துணை நிற்றல் மூன்றாவது. விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடுமாதலால், அவ்வாண்டு அறிவிப்பை இணையதளத்தில் பார்த்துத் தெளிதல் நலம்.

பணம் தந்தால் இடம் வாங்கித் தருவதாகக் கூறும் தரகர்களை நம்பி, இருக்கும் நகையையும் ஈடு வைத்து இழந்தோர் உண்டு. விண்ணப்பிப்போர் எவரிடமும் கைக்கூலி தர வேண்டியதில்லை என்பதை ஊரறியச் சொல்லுங்கள்.

அணையில் நீர் இருக்கிறது. வாய்க்காலைத் தூர்வார வேண்டியவர்கள் நாம் அனைவருமே.