மதுரை மொட்டைப் பாறைகளில் என்னதான் இருக்கிறது?

சித்திரை வெயிலில் மதுரைக்கு வரும் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் ஒரே கணக்குதான் போடுவார்கள். மீனாட்சி அம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், ஒரு ஜிகர்தண்டா. அதற்கு மேல் இந்த ஊரில் என்ன இருக்கு? வைகையை எட்டிப் பார்த்தால் மணலும் புதரும். ஊரைத் தாண்டினால் சீமைக்கருவேல முள்ளும், கிரானைட் வெட்டிய பள்ளங்களும், மொட்டைப் பாறைகளும். ராத்திரி ரயிலுக்கே டிக்கெட் போட்டுவிடுவார்கள்.

அந்த மொட்டைப் பாறைகளில்தான் விஷயமே இருக்கிறது.

தேனி சாலையில் போய் நாகமலைப் புதுக்கோட்டை அருகே திரும்பினால் கீழக்குயில்குடி. அடிவாரத்தில் ஆலமரங்கள், தாமரைக்குளம், அய்யனார் கோயில். மேலே சமணர் மலை. படியேறினால் பேச்சிப்பள்ளத்தில் மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி என எட்டுச் சிற்பங்கள் ஒரே வரிசையில். கீழே வட்டெழுத்து. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வெயிலில் நிற்கின்றன. மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. நீண்ட காதுகளோடு அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரரைச் செட்டியார் என்றே ஊர் மக்கள் அழைக்க, குகைக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பாறையில் தன் பெயரையும் காதலி பெயரையும் கிறுக்கும் கூட்டம் மட்டும் இல்லாதிருந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

ஒத்தக்கடை யானைமலையில் மாறன் காரி என்ற பாண்டிய அமைச்சர் குடைந்த நரசிங்கப் பெருமாள் கோயில் இருக்கிறது. கல்வெட்டின்படி ஆண்டு 770. அவர் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் முன்மண்டபத்தைக் கட்டி வேலையை முடித்தார்.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் என்றால், மேலூர் பக்கத்தில் உள்ள அரிட்டாபட்டிக்குப் போய்விடலாம். மதுரையிலிருந்து சுமார் 25 கி.மீ. தூரத்தில் பார்த்தால் வெறும் பாறைக் குன்றுகள். கிட்டே போனால்தான் சூட்சுமம் புரியும். பாறையில் விழும் மழை மண்ணில் வீணாகாமல் சறுக்கி இறங்கி, சுனைகளிலும் கண்மாய்களிலும் சேர்கிறது. ஏழு குன்றுகளைச் சுற்றி 72 குளங்கள், 200 ஊற்றுகள் என்கிறது அரசுக் குறிப்பு. தண்ணீர் இருப்பதால் வயல், வயல் இருப்பதால் பறவை. லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, பொனெல்லிக் கழுகு மூன்றும் இங்கே உண்டு. தேவாங்கும் எறும்புண்ணியும் இருக்கின்றன. குகைத்தளத்தில் 2,000 ஆண்டுகளைத் தாண்டிய தமிழிக் கல்வெட்டு. இன்னொரு புறம் பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில். அதில் தமிழ்நாட்டில் அபூர்வமாகக் காணப்படும் இலகுலீசர் சிற்பம்.

2022 நவம்பரில் இப்பகுதி தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஊரே நிம்மதியாக இருந்த நேரத்தில், 2024 நவம்பரில் அரிட்டாபட்டி உள்ளிட்ட சுமார் 2,000 ஹெக்டேர் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது தெரியவந்தது. மலை போனால் சுனை போகும், சுனை போனால் கண்மாய் வறளும். இதை விவசாயிகளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. கிராம மக்கள் திரண்டார்கள்; சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது; 2025 ஜனவரியில் ஆயிரக்கணக்கானோர் மதுரை நோக்கி ஊர்வலம் வந்தார்கள். அதே மாதம் 23-ம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ‘வெறும் பாறை’ என்று யாராவது சொன்னால் அங்கே கோபம் வருவது இதனால்தான்.

போகிறவர்கள் காலை ஆறு மணிக்கே அங்கே இருங்கள். பத்து மணிக்குப் பாறை தோசைக்கல்லாகிவிடும். மழைக்காலம் முடிந்த மார்கழி, தை மாதங்கள் இன்னும் உத்தமம், கண்மாய் நிறைந்திருக்கும். பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் பாட்டிலைக் காலியானதும் திரும்பக் கொண்டுவாருங்கள். பெரிய ஹோட்டலை எல்லாம் அங்கே எதிர்பார்க்க வேண்டாம். இட்லியை மதுரையிலேயே முடித்துக்கொண்டு கிளம்புவது நல்லது.