கணப்பாகும் மடிக்கணினி

மார்கழி பிறந்துவிட்டால் ஏற்காட்டு வீடுகளில் முதல் கவலை மாவுதான். மாலையில் கரைத்து வைத்த இட்லி மாவு, மறுநாள் காலையிலும் கரைத்த அளவிலேயே கிடக்கும். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். கீழே விசிறி சுற்றும் இரவில், மேலே கம்பளி இல்லாமல் படுக்க முடியாது. மாவைப் பொங்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு 30 டிகிரி அளவில்தான் சுறுசுறுப்பு. பால் உறைய இன்னும் கூடுதலாக, 40 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். மலைக்குளிரில் இரண்டுமே படுத்துவிடும்.

நாகலூர்ப் பக்கம் ஓர் ஓட்டு வீட்டில் ஒரு குளிர்காலம் தங்கி எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று நாள் உறை ஊற்றியும் பால் பாலாகவே இருந்தது. நான்காம் நாள் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். “அடுப்போரம் வெக்கலாம்னா உங்க வீட்டுல வெறகடுப்பும் இல்ல தம்பி. நாள் முழுக்கத் தட்டிட்டிருக்கீங்களே, அந்தப் பொட்டி சுடுதுல்ல? அதுக்குப் பக்கத்துல வெச்சுப் பாருங்க” என்றார்.

அன்றிரவு பாலை அடுப்பில் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, உறை ஊற்றி, சிறிய எவர்சில்வர் தூக்கில் மூடினேன். மடிக்கணினியின் இடது ஓரத்தில் சூடான காற்று வெளியேறும் இடுக்கு இருக்கிறது. அதற்கு நேரே, நான்கு விரற்கடை தள்ளி, தூக்கை ஒரு தட்டில் வைத்து, அந்தப் பக்கம் மட்டும் திறந்திருக்கும்படி துண்டைச் சுற்றினேன். குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீரின் பதத்தில் காற்று அதன்மேல் வீசிக்கொண்டே இருந்தது. நள்ளிரவு தாண்டி வேலையை முடித்துவிட்டுத் தூக்கை மெல்லச் சாய்த்தேன். பால் வழியவில்லை. மேலே மஞ்சளாய் ஏடு, அதற்குக் கீழே விரல் பட்டால் நடுங்கும் கெட்டித் தயிர்.

இதில் மாயம் எதுவும் இல்லை. மடிக்கணினி இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. எழுதுவதும் கணக்குப் போடுவதும் படம் காட்டுவதும் அந்த வழியில் நடக்கும் வேலைகள். உள்ளே செம்புக் குழாய் ஒன்று சிப்பின் சூட்டை ஏந்தி வந்து மெல்லிய தகடுகளில் சேர்க்கிறது. சின்ன விசிறி அதை வெளியே ஊதித் தள்ளுகிறது. 30 வாட் இழுக்கும் கணினியின் சூடு முழுவதும் அரை லிட்டர் பாலுக்கே போய்ச் சேர்ந்தால், 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஏற்ற ஏறத்தாழ 23 நிமிடம் போதும். பெரும்பகுதி அறைக் காற்றோடு போய்விடுவதால் நடைமுறையில் அது ஆகாது. ஆனால் ஏற்கெனவே சூடாக இருக்கும் பாலை ஆறவிடாமல் பிடித்து வைக்க அந்தச் சூடு தாராளம். சூடேற்றுவது அடுப்பின் வேலை, காப்பது கணினியின் வேலை.

ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலை வீடுகளில் சூட்டுக்கு எப்போதும் ஓர் இடம் இருந்தது. விறகடுப்பின் ஓரத்தில் தயிர், அடுப்புக்கு மேல் பரணில் விதைச் சோளம், சாம்பல் சூட்டில் பிள்ளைகளின் ஈரக் காலுறை. பங்களாக்களில் துணி அலமாரிக்குள் 40 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிடுவார்கள். மூடுபனி நாட்களில் பட்டுப்புடவையும் புத்தகமும் பூஞ்சணம் பிடிக்காமல் காத்தது அந்தப் பல்புதான். அது தின்ற மின்சாரத்தில் வெளிச்சமாக வந்தது நூற்றுக்கு ஐந்து பங்கு போல. மிச்சம் சூடு. பிறகு கேஸ் வந்து அடுப்போரத்தை எடுத்துக்கொண்டது, எல்.இ.டி. வந்து அலமாரிச் சூட்டை எடுத்துக்கொண்டது. இரண்டும் நல்ல மாற்றங்கள்தான். விறகுப் புகையில் கண் எரிந்த பெண்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனாலும் வீட்டில் சும்மா கிடைத்துக்கொண்டிருந்த வெதுவெதுப்பு போய்விட்டது. அந்தக் காலியிடத்தில்தான் மடிக்கணினி வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

இந்த மலையில் அது பணக்காரர் வீட்டுப் பொருள் மட்டும் அல்ல. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அரசு நிறுவனமான எல்காட் வாங்கிக் கொடுத்த கணினிகள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கையில் மலைக் கிராமங்களுக்கும் ஏறி வந்தன. அந்தக் காலத்துக் கணினிகள் நன்றாகவே சுடும். இப்போது வரும் சிப்புகளுக்கு மின்சாரம் குறைவாகப் போதும், சூடும் குறைவு. விசிறியே இல்லாத மடிக்கணினிகள் கூட வந்துவிட்டன. தயிருக்குப் பழசுதான் வசதி.

தயிரில் வெற்றி கண்டபின் எனக்குத் துணிச்சல் வந்தது. குளிரில் முளைக்க அடம்பிடித்த மிளகாய் விதையை ஈரத்துணியில் மடித்து, சிறு டப்பாவில் இட்டு, சார்ஜரை ஒட்டி வைத்தேன். முளை கண்டது. நமுத்த அப்பளம், நீர் விட்ட உப்புக் கிண்ணம், ஈரம் ஏறிய குறிப்பேடு என ஒவ்வொன்றாக அந்த இடுக்கின் முன்னால் உட்கார்ந்து எழுந்து போயின. காபிக் கொட்டையை மட்டும் முயலவில்லை. அதற்கு வெயிலும் களமும்தான்.

கணினிச் சூட்டைப் பயன்படுத்தும் இந்த யோசனை வெளிநாடுகளில் பெரிய அளவில் நடக்கிறது. இங்கிலாந்தின் எக்ஸ்மத் ஊரில் 2023இல், சலவை இயந்திர அளவுள்ள ஒரு கணினித் தொகுப்பை வைத்து அதன் சூட்டால் பொது நீச்சல் குளத்தை வெதுவெதுப்பாக்கினார்கள். 2024 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய பாரிஸ் நீச்சல் அரங்குக்கும் அருகிலிருந்த தரவு மையத்தின் சூடு போகிறது. நாகலூர் அக்கா சொன்னதும் இதே கணக்குதான்.

இனி எச்சரிக்கை. பெயரில் மடி இருக்கிறதே என்று மடியில் மணிக்கணக்கில் வைக்காதீர்கள். தினமும் சில மணி நேரம் தொடைமேல் வைத்து விளையாடிய 12 வயதுச் சிறுவனுக்குத் தோலில் வலைபோலக் கருமை படர்ந்ததை 2010இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. முன்பு கணப்பருகே நெடுநேரம் உட்கார்ந்தவர்களின் காலில் வந்த அதே தழும்பு. காற்று போகும் இடுக்கை அடைக்கவே கூடாது. கம்பளிமேலும் தலையணைமேலும் வைத்தால் உள்ளே வெந்துபோகும். பாத்திரம் எப்போதும் மூடியோடு, கணினியைவிடத் தாழ்வான இடத்தில் இருக்கட்டும். தயிருக்காகவென்று கணினியைத் தனியாக ஓடவிடுவதும் வேண்டாம், அது வீண் மின்சாரம்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் பிள்ளை படித்து முடித்த பழைய மடிக்கணினி ஒன்று கிடக்கலாம். மலை ஈரத்தில் சும்மா கிடந்தால் அது துருப்பிடித்தே வீணாகும். எடுத்துப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாமல் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். நன்றாக இருந்தால், பக்கத்து வீட்டில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கும் பிள்ளைக்குக் கொடுங்கள். அந்தப் பிள்ளை படிக்கும் நேரத்துக்கு உறை ஊற்றி வைக்கும்படி அம்மாவிடமும் சொல்லிவிட்டு வாருங்கள்.