நாவின் முடிச்சு

மனிதனைப் படைத்த ரப்புல் ஆலமீன், உள்ளத்தில் உள்ளதைத் தெளிவாக எடுத்துரைக்கும் 'பயான்' எனும் ஆற்றலை அவனுக்குக் கற்றுக் கொடுத்ததை 'அர்ரஹ்மான்' அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே நினைவூட்டுகின்றான். அந்த அருட்கொடை எத்துணை நுட்பமானது என்பதற்கு ஒரு சான்றைப் பாருங்கள்.

லண்டனில் ஒரு குடும்பம். மருத்துவ ஆய்வுகள் அதனைக் 'கே.இ. குடும்பம்' என்று மட்டுமே குறிப்பிடுகின்றன. அக்குடும்பத்தின் மூன்று தலைமுறைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பேச்சு திருத்தமாக வரவில்லை. ஒரு சொல்லை உச்சரிக்க உதடும் நாவும் தாடையும் அடுத்தடுத்து இயங்க வேண்டிய ஒழுங்கு அவர்களுக்குக் கைகூடவில்லை. வாக்கியம் அமைப்பதிலும் சிரமப்பட்டார்கள்.

2001ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டறிந்தார்கள். ஏழாவது குரோமோசோமில் உள்ள 'ஃபாக்ஸ்பி2' என்னும் மரபணுவில் ஒரேயோர் எழுத்து மாறியிருந்தது! மூளை உருவாகும்போது வேறு பல மரபணுக்களின் செயலைக் கட்டுப்படுத்தும் மரபணு அது. அதனை 'மொழி மரபணு' என்று சிலர் அழைத்தது மிகையாகும். பேச்சு என்பது பல மரபணுக்கள் கூடி நிகழ்த்தும் செயல்.

இம்மாற்றம் தாய் வழியாகவும் வரலாம். தந்தை வழியாகவும் வரலாம். இருவரிடமும் இல்லாமல் புதிதாகவும் தோன்றலாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. எந்தக் குழந்தைக்கு என்பது நம் கையில் இல்லை. அவ்வாறிருக்க, பிள்ளை பேசத் தாமதித்தால் மருமகளைப் பழிப்பது எந்த வகையில் நீதி? 'ஊமை', 'திக்குவாய்' என்று பட்டப்பெயர் சூட்டுவதை மார்க்கம் தடுத்திருப்பதை மறந்துவிட்டோமா?

மூஸா (அலை) அவர்கள் தமது நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு இறைஞ்சினார்கள். தம்மைவிடத் தெளிவாகப் பேசக்கூடிய ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகவும் கேட்டார்கள். அல்லாஹ் கேட்டதைக் கொடுத்தான். நாவில் சிரமம் இருந்த அந்த நபிதான் 'கலீமுல்லாஹ்', அதாவது அல்லாஹ் உரையாடிய நபி என்னும் சிறப்பைப் பெற்றார்கள்.

சகோதர, சகோதரிகளே! மேற்சொன்ன மரபணு மாற்றம் அரிது. பேச்சுத் தாமதத்திற்குக் காரணங்கள் பல. இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தைக்கு முதலில் செவித்திறனைப் பரிசோதியுங்கள். தேவையெனில் பேச்சுப் பயிற்சி அளியுங்கள். மூஸா (அலை) அவர்கள் துஆவும் செய்தார்கள், துணையையும் தேடினார்கள். நமக்கும் அதுவே வழி.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் நாவுகளை இலகுவாக்குவானாக! அவர்களைக் காயப்படுத்தாத நாவுகளை நமக்குத் தருவானாக! ஆமீன்.