மார்க் ஊராட்சிக்கு, பொறுப்பு யாருக்கு?

மாநில நிதிக் குழுவின் பணம் ஊராட்சிக்கு வந்துசேரும் வழியைச் சென்ற இதழில் பார்த்தோம். பணம் வந்த பிறகு ஊராட்சி என்ன செய்கிறது என்பதை அளக்கவும் இப்போது ஓர் ஏற்பாடு இருக்கிறது. மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 2025 ஏப்ரலில் ‘பஞ்சாயத்து முன்னேற்றக் குறியீடு’ என்ற பெயரில் நாட்டின் கிராம ஊராட்சிகளுக்கு முதன்முறையாக மார்க் போட்டு வெளியிட்டது. தரவு 2022-23ஆம் ஆண்டுக்கானது. கணக்கில் வந்த 2,16,285 ஊராட்சிகளில் நூற்றுக்கு 90-ஐ எட்டியது ஒன்றுகூட இல்லை. அதற்கு அடுத்த படியில் 699 ஊராட்சிகள் நிற்கின்றன. 1,32,392 ஊராட்சிகள், அதாவது பத்துக்கு ஆறு, 40-க்கும் 60-க்கும் நடுவில் கிடக்கின்றன. இந்த மார்க் உண்மையில் யார் வாங்கியது என்பதுதான் என் கேள்வி.

குறியீட்டில் 435 அளவுகோல்கள். வறுமை, சுகாதாரம், குழந்தைகள், குடிநீர், தூய்மை, பெண்கள் என்று ஒன்பது தலைப்புகளில் அடுக்கியிருக்கிறார்கள். தலைப்புகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தமிழ்நாட்டில் ஓர் ஊராட்சி மன்றத்தின் கைக்கு எட்டுவது இதில் எவ்வளவு? ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் பொது சுகாதாரத் துறைக்குப் பதில் சொல்பவர். அங்கன்வாடி சமூக நலத் துறையுடையது. பள்ளியின் பெயர்ப்பலகையில் ‘ஊராட்சி ஒன்றியம்’ என்று இருந்தாலும் ஆசிரியரைப் போடுவதும் மாற்றுவதும் கல்வித் துறை. குடிநீரிலும் பாதிக் கதைதான். மேல்நிலைத் தொட்டியும் டேங்க் ஆபரேட்டரும் ஊராட்சியின் பொறுப்பு. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் அனுப்புவது குடிநீர் வடிகால் வாரியம். வாரியத்தின் குழாய் எங்கோ உடைந்தாலும் காலிக் குடத்தோடு ஜனங்கள் போய் நிற்பது தலைவர் வீட்டு வாசலில். அரசியல் சட்டத்தின் 11ஆம் அட்டவணை 29 துறைகளைச் சொல்கிறது. அவற்றில் எதை, எப்போது, எவ்வளவு ஒப்படைப்பது என்பதை மாநிலத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது.

இருக்கிற கொஞ்ச அதிகாரத்தை நடத்திக் காட்டுவதும் லேசல்ல. பணம் எடுக்கத் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் பட்டியலினத்தவராகவோ பெண்ணாகவோ இருந்து, துணைத் தலைவர் பதவி ஊர்ப் பெரும்புள்ளி பக்கம் இருந்துவிட்டால், மோட்டார் காயில் கட்டிய பில்கூட மாதக்கணக்கில் தூங்கும். மாவட்ட ஆட்சியர் நினைத்தால் ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவில் தலைவரை நீக்க நடவடிக்கை தொடங்கலாம். ஓட்டுப் போட்டவர்களுக்கு அந்த வழி கிடையாது.

‘எண்ணே இல்லாவிட்டால் எப்படி ஒப்பிடுவது? அளக்காமல் விட்டால் எல்லாத் தலைவரும் தன் ஊர்தான் சொர்க்கம் என்பார்’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அளக்கத்தான் வேண்டும். ஆனால் எதை எண்ணுகிறோமோ அதைத்தான் ஊராட்சி செய்து காட்டும். ஜல் ஜீவன் திட்டம் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று இலக்கு வைத்தது. ஊர்ப் பேச்சில் நின்றது எத்தனை வீட்டுக்குக் குழாய் போட்டாயிற்று என்ற கணக்கு. குழாயைப் படம் பிடிக்கலாம், அதில் தண்ணீர் வரும் நேரத்தைப் படம் பிடிக்க முடியாது. இன்னொன்று, சராசரி. ஓர் ஊராட்சிக்குள் பல குக்கிராமங்கள் உண்டு. மெயின் ரோட்டோரத்துத் தெருவுக்கும் காலனிக்கும் சேர்த்து ஒரே மார்க் என்றால் காலனியின் குறை அதில் கரைந்துவிடும். புதுக்கோட்டை மாவட்டம் முத்துக்காடு ஊராட்சியில் இருக்கிறது வேங்கைவயல். அங்கே பட்டியலின மக்களுக்கான குடிநீர்த் தொட்டியில் 2022 டிசம்பரில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. ‘தொட்டி உண்டு, இணைப்பு உண்டு’ என்ற கட்டங்களில் டிக் போடுகிறவருக்கு அந்த ஊரும் தேறிய ஊர்தான்.

அதிகாரத்தைக் கொடுத்தால் சுருட்டிவிடுவார்கள் என்பது அடுத்த ஆட்சேபம். சுருட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் மாற்று என்ன என்பதையும் நாம் பார்த்தாயிற்று. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு 2019 டிசம்பர் வரை தமிழ்நாட்டு ஊராட்சிகளைத் தனி அலுவலர்களே நடத்தினார்கள். தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்பதால் மத்திய நிதிக் குழுவின் மானியமும் நின்றது. ஒன்பது மாவட்டங்களுக்குத் தேர்தல் வர 2021 அக்டோபர் ஆனது. 2019-ல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களின் மன்றங்களுக்கு 2025 ஜனவரி 5-ல் காலம் முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர்கள். ஐந்தாண்டு முடியும் முன்பே தேர்தலை நடத்திவிட வேண்டும் என்று அரசியல் சட்டம் 243-இ பிரிவில் சொல்கிறது. மன்றமே இல்லாத ஊராட்சிக்கு நாளை மார்க் வந்தால் அது பி.டி.ஓ. அலுவலகத்தின் மார்க். கேரளம் 1996-ல் மக்கள் திட்டத்தைத் தொடங்கியபோது திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது, ஆரம்ப சுகாதார நிலையத்தைக் கிராம ஊராட்சியிடம் ஒப்படைத்தது. அங்கே சுகாதாரத்தில் மார்க் குறைந்தால் ஊராட்சியைக் கேள்வி கேட்பதில் அர்த்தம் இருக்கிறது.

ஆகவே இரண்டு மார்க் பட்டியல் வேண்டும். ஒன்று ஊராட்சிக்கு, அதன் கையில் இருப்பதற்கு மட்டும், குக்கிராமம் வாரியாக: பியூஸ் போன தெருவிளக்கு எத்தனை நாளில் எரிந்தது, தொட்டி எப்போது கழுவப்பட்டது, குப்பை வண்டி எந்தத் தெரு வரை போனது, போன கூட்டத்துத் தீர்மானங்களில் எத்தனை நிறைவேறின. இன்னொன்று மாநில அரசுக்கு: தேர்தல் உரிய நாளில் நடந்ததா, பணம் உரிய நாளில் வந்ததா, செயலர் பணியிடம் காலியா. இரண்டாவது பட்டியலை எந்த அமைச்சகமும் தானாக வெளியிடாது. முதல் பட்டியலை நீங்களே தொடங்கலாம். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும். அடுத்த முறை போகும்போது வரவு செலவுக் கணக்கான படிவம் 30-ஐக் கேளுங்கள். போன முறை போட்ட தீர்மானங்களை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லி, நிறைவேறாதது யார் மேஜையில் நிற்கிறது என்பதைத் தீர்மானப் புத்தகத்திலேயே எழுத வையுங்கள்.