ஆறாத குடற்புண்

வேலையை நாடி வந்து அயலூரில் குடித்தனம் நடத்தும் நம்மவர் இல்லங்களில், வயிற்றெரிச்சலுக்குக் காரணம் சொல்ல எவரும் தயங்குவதில்லை. ஓட்டல் சாப்பாடு என்பார் ஒருவர். வேளை தவறி உண்பது என்பார் இன்னொருவர். வீட்டுப் பெரியவர்களோ மிளகாயின் மீதும் காப்பியின் மீதும் பழியைச் சுமத்துவார்கள். நாலு நாள் மோர்ச்சாதமும் மருந்துக்கடை மாத்திரையும் வலியை அடக்கிவிட்டால் பேச்சு அத்துடன் முடிந்துவிடும். ஆனால் அடங்கிய வலி மீண்டும் மீண்டும் தலைகாட்டினால் என்ன செய்வது? அதைப் பற்றியே இங்குச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

இரைப்பையை அடுத்துள்ள சிறுகுடலின் முதற்பகுதியை முன்சிறுகுடல் என்பர். இரைப்பையில் ஊறும் அமிலம் அங்கே புண்ணை உண்டாக்குவதுண்டு. மிளகாய் எரிச்சலைக் கூட்டலாம். புண்ணுக்கு மூலகாரணம் பெரும்பாலும் அதுவன்று. ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியும், ஆஸ்பிரின், இபுபுரோபென் போன்ற வலி மாத்திரைகளுமே முக்கியக் காரணங்கள். அக்கிருமியை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வாரன், மார்ஷல் என்னும் இரு டாக்டர்கள் 1982-இல் வளர்த்துக் காட்டினர். 2005-இல் நோபல் பரிசும் பெற்றனர். கிருமியைக் கொல்லும் மருந்துகளை அமிலத்தைக் குறைக்கும் மருந்துடன் ஒழுங்காக உண்டு, வலி மாத்திரைகளை டாக்டரின் யோசனைப்படி நிறுத்தினால், இத்தகைய புண்கள் பெரும்பாலும் ஆறிவிடும்.

மிகச் சிலருக்கு அவ்விதம் ஆறுவதில்லை. ஆறினாலும் திரும்ப வருகிறது. ஒன்றுக்குப் பலவாக வருகிறது. குடலில் வழக்கமான இடத்துக்கு அப்பாலும் வருகிறது. கூடவே ஓயாத வயிற்றுப்போக்கும் இருக்கலாம். 1955-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த ஸாலிங்கர், எல்லிசன் என்னும் அறுவை மருத்துவர்கள் இப்படிப்பட்ட இரு நோயாளிகளைப் பற்றி எழுதினர். இருவருக்கும் கணையத்தில் கட்டி இருந்தது. அக்கட்டியிலிருந்து ஏதோ ஒரு பொருள் ஊறி அமிலத்தைப் பெருக்குகிறது என்று அவர்கள் ஊகித்தனர். அது காஸ்ட்ரின் என்னும் ஹார்மோன் என்பது பின்னர் தெளிவாயிற்று.

காஸ்ட்ரின் நம் எல்லோருக்கும் ஊறுவதுதான். உணவு வந்ததும் அமிலத்தை வரவழைக்கும். அமிலம் போதிய அளவு சேர்ந்ததும் தானே ஒடுங்கும். கட்டியிலிருந்து ஊறும் காஸ்ட்ரினோ, 'போதும்' என்று இலையைக் கையால் மறைத்த பின்னும் பரிமாறிக்கொண்டே போகும் மனிதரைப் போன்றது.

அக்காலத்தில் இதற்கு நம்பத்தக்க சிகிச்சை, இரைப்பையை முழுவதுமே அகற்றிவிடுவதுதான். 1970-களின் பிற்பகுதியில் சிமெடிடின் மாத்திரை வந்தது. அதைக் கண்ட ஜேம்ஸ் பிளாக் 1988-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். 1980-களின் இறுதியில் ஒமெப்ரஸோல் வந்து, அமிலம் சுரக்கும் வழியையே அடைத்தது. சாதாரணப் புண்ணுக்கு அம்மருந்து நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் என்றால், இந்நோய்க்கு 60 மில்லிகிராமில் தொடங்குவது வழக்கம். வயிற்றை இழந்து உயிரைக் காத்துக்கொண்ட காலம் போய், மாத்திரையால் வயிற்றையும் காத்துக்கொள்ளும் காலம் வந்திருக்கிறது.

எனினும் மாத்திரை அமிலத்தை அடக்குமே தவிர, கட்டியைக் கரைக்காது. இக்கட்டிகள் முன்சிறுகுடலிலோ கணையத்திலோ இருக்கும். பலவும் மெதுவாக வளரும் புற்றுநோய் வகையைச் சேர்ந்தவை. கல்லீரலுக்குப் பரவுமுன் கண்டால் அறுவை சிகிச்சையால் குணமாகும் வாய்ப்பு உண்டு. நோயாளிகளில் நான்கைந்து பேருக்கு ஒருவருக்கு இது பரம்பரையாக வருவது. அத்தகைய குடும்பங்களில் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுந்து சிறுநீரகக் கல்லும் தோன்றலாம்.

வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் காஸ்ட்ரினையும், இரைப்பையில் அமிலத்தையும் அளந்து நோயை அறிகின்றனர். இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஒமெப்ரஸோல் போன்ற மாத்திரைகளே காஸ்ட்ரினை உயர்த்திக் காட்டும். அதற்காக மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டுச் சோதனைக்குப் போகலாகாது. இந்நோய் உள்ளவருக்கு அதனால் புண் பொத்துக்கொள்ளவோ இரத்தம் பெருகவோ கூடும். எப்போது நிறுத்துவது, நிறுத்துவதா என்பதையெல்லாம் நிபுணரே முடிவு செய்யவேண்டும்.

இது அரிய நோய். பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஓரிருவருக்கே புதிதாக வருவது. ஆகவே வயிற்றெரிச்சல் உள்ள அன்பர்கள் பீதி கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஊர்விட்டு ஊர் மாறும் நமக்கு இதில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. புண் திரும்பத் திரும்ப வருகிறது என்பதே இந்நோயின் முதல் அடையாளம். மாற்றல் உத்தரவு வந்ததும் பழைய சீட்டுகளைக் குப்பையில் போட்டுவிட்டுப் புறப்படுகிறோம். புதிய ஊரில் புதிய டாக்டர் அதை முதற்புண்ணாகவே எண்ணுகிறார். மூன்று ஊர்களில் மூன்று முதற்புண்கள்! உண்மையை அறிந்தவர் எவருமில்லை.

ஆதலால் உள்நோக்கிச் சோதனையின் அறிக்கை, கிருமிச் சோதனையின் முடிவு, உண்ட மாத்திரைகளின் பெயர், அளவு ஆகியவற்றை ஓர் உறையிலிட்டு, ரேஷன் கார்டுடன் பத்திரப்படுத்துங்கள். உறவினர் எவருக்கேனும் ஆறாத புண்ணோ சிறுநீரகக் கல்லோ உண்டா என்று ஊரில் உள்ள பெரியவர்களையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மலம் தார்போல் கறுத்தாலும், வாந்தியில் இரத்தம் கண்டாலும், கணமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

வீட்டுச் சாமான்களை எண்ணி ஏற்றும் கவனத்தில் சிறிதளவை இந்த ஓர் உறைக்கும் அளிக்கவேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.