புது ஆபிஸ் போட்டதும் பழைய பட்டன்கள் எங்கே போகின்றன?

“சார், எக்ஸெல்ல நான் வச்சிருந்த பட்டன் எதையுமே காணோம்!”

கம்ப்யூட்டரையோ ஆபிஸ் மென்பொருளையோ மாற்றிய மறுநாள் காலையில் இப்படி ஒரு குரல் கேட்பது சகஜம். 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10, ஆபிஸ் 2016, ஆபிஸ் 2019 ஆகிய மூன்றுக்கும் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. பாதுகாப்பு அப்டேட் வராத சிஸ்டத்தில் வாடிக்கையாளரின் கணக்கை வைத்திருப்பது ஆபத்து. அதனால் “இருக்கிறது ஓடட்டும்” என்று இழுத்துக்கொண்டிருந்த சின்ன அலுவலகங்களும் மாறியே ஆக வேண்டிய கட்டத்துக்கு வந்துவிட்டன.

மதுரை காளவாசல் சந்திப்புக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வரி ஆலோசனை அலுவலகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாதம் 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி. தேதி தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். அங்கே வேலை பார்க்கும் பெண் பல வருடங்களாக எக்ஸெலின் மேல் ஓரத்தில் தனக்கென்று 8 பட்டன்கள் வைத்திருக்கிறார். மதிப்பை மட்டும் ஒட்டுவதற்கு ஒன்று, ஃபில்டருக்கு ஒன்று, பில் பட்டியலைத் தானாக வரிசைப்படுத்தும் மேக்ரோவுக்கு ஒன்று. 18-ம் தேதி சாயங்காலம் புது சிஸ்டம் வருகிறது. 19-ம் தேதி காலையில் ஒரு பட்டன்கூட இல்லை. ஒரே அழுத்தில் முடிந்த வேலைக்கு இப்போது 4 இடத்தில் தேட வேண்டும்.

“டேட்டா எல்லாம் பத்திரமா இருக்குல்ல, அப்புறம் என்ன?” என்பார் சிஸ்டம் போட்டுக் கொடுத்தவர். டேட்டா இருக்கிறது. போனது கைப்பழக்கம். அதற்கு யாரும் பேக்அப் எடுப்பதில்லை. ஆனால், எடுக்க முடியும்.

பட்டன் எங்கே இருக்கிறது?

நீங்கள் வைத்த பட்டன்கள் ஆபிஸ் மென்பொருளுக்குள் இல்லை. உங்கள் விண்டோஸ் கணக்கின் கீழே, ஒரு தனிக் கோப்பில் இருக்கின்றன. சில கேபி அளவுள்ள சின்னக் கோப்பு அது. எந்தப் பட்டன், எந்த இடத்தில், எந்தக் கட்டளைக்கு என்ற குறிப்பு மட்டும்தான் அதில் இருக்கும். எக்ஸெலுக்கு ஒன்று, வேர்டுக்கு ஒன்று, பவர்பாயின்ட்டுக்கு ஒன்று எனத் தனித்தனியாக இருக்கும்.

மேக்ரோ அந்தக் கோப்பில் இருக்காது. எக்ஸெலில் பதிவு செய்த மேக்ரோக்கள் பெரும்பாலும் ‘பெர்சனல்’ என்ற வொர்க்புக்கில் இருக்கும். வேர்டில் ‘நார்மல்’ என்ற டெம்ப்ளேட்டில் இருக்கும். பட்டன் என்பது அந்த மேக்ரோவின் முகவரிச் சீட்டு மாதிரி. சீட்டு மட்டும் வந்து வீடு வராவிட்டால், பட்டன் தெரியும். அழுத்தினால் மேக்ரோவை ஓட்ட முடியவில்லை என்று செய்தி வரும்.

‘மை டாக்குமென்ட்ஸ்’, ‘டெஸ்க்டாப்’ இரண்டையும் பென்டிரைவில் போட்டுவிட்டு “எல்லாம் எடுத்தாச்சு” என்று சொன்னால் இவை எதுவுமே வந்திருக்காது.

2007-ல் நடந்தது என்ன?

இந்தக் கதையின் பெரிய திருப்பம் ஆபிஸ் 2007. அதற்கு முன்பு, ஆபிஸ் 2003 வரை, எந்தப் பட்டனையும் இழுத்து எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். சொந்தமாக ஒரு டூல்பாரே உருவாக்கலாம். 2007 ஜனவரியில் கடைக்கு வந்த புதிய பதிப்பில் மெனுவும் டூல்பாரும் போய், இன்று நாம் பார்க்கும் ‘ரிப்பன்’ வந்தது. பழைய டெம்ப்ளேட்டுகளோடு ஒட்டியிருந்த டூல்பார்கள் ‘ஆட்-இன்ஸ்’ என்ற மூலைக்கு ஒதுக்கப்பட்டன. சாதாரணப் பயனாளர் தன் விருப்பப்படி மாற்ற முடிந்தது, ‘குயிக் ஆக்ஸஸ் டூல்பார்’ என்ற ஒரு சின்னப் பட்டையை மட்டும்தான். ரிப்பனையே மாற்றி அமைக்கும் வசதி ஆபிஸ் 2010-ல்தான் வந்தது.

மைக்ரோசாஃப்ட் தரப்பிலும் நியாயம் இருந்தது. 1989-ல் விண்டோஸுக்கு வந்த முதல் வேர்டில் இருந்தவை 2 டூல்பார்கள். வேர்டு 2003-ல் அது 31 ஆகிவிட்டது. ரிப்பனை வடிவமைத்த குழுவில் முக்கியப் பங்கு வகித்த ஜென்சன் ஹாரிஸ், அந்தக் காலத்தில் சில பயன்பாட்டுப் புள்ளிவிவரங்களை வெளியிட்டார். வேர்டு 2003-ல் மக்கள் கொடுக்கும் கட்டளைகளில் சுமார் 32 சதவீதம் வெறும் 5 கட்டளைகள்தான்: பேஸ்ட், சேவ், காப்பி, அன்டூ, போல்ட். டூல்பாரை மாற்றி வைத்துப் பயன்படுத்துவது மொத்தத்தில் 2 சதவீதத்துக்கும் குறைவு.

நூற்றில் இரண்டு பேருக்காக மொத்த வடிவமைப்பையும் தூக்கிப் பிடிக்க வேண்டாம் என்று அவர்கள் முடிவெடுத்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால், அந்த இரண்டு பேர் யார் என்று பார்க்க வேண்டும். நாள் முழுக்க அந்த மென்பொருளிலேயே உட்கார்ந்து சம்பாதிப்பவர்கள்தான் பட்டன்களை மாற்றி வைக்கிறார்கள். காளவாசலில் மேம்பாலம் வந்ததும் நேராகப் போகிறவர்களுக்கு நேரம் மிச்சமானது. கீழே திரும்ப வேண்டியவர் அதே சந்திப்பில்தான் நிற்க வேண்டும். கூட்டத்துக்கு நல்லது செய்யும் மாற்றம், தினமும் வேறு பக்கம் திரும்புகிறவருக்கும் நல்லதாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

தமிழில் டைப் செய்பவர்களுக்குக் கூடுதல் சிக்கல்

யூனிகோடையும் டேஸ்-16 முறையையும் தமிழக அரசு 2010-ல் தரமாக அறிவித்தது. ஆனால் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் பல அலுவலகங்களிலும் டிடிபி சென்டர்களிலும் இன்னும் இருக்கின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்ற மேக்ரோ அல்லது ஆட்-இன் வைத்து, அதற்கு ஒரு பட்டனும் வைத்திருப்பார்கள்.

புதிய ஆபிஸில் இந்தப் பட்டன் இரண்டு இடத்தில் அடிபடலாம். ஒன்று, ஆபிஸ் 2019-லிருந்து வழக்கமாக இன்ஸ்டால் ஆவது 64-பிட் பதிப்பு. 32-பிட் ஆபிஸுக்காக எழுதப்பட்ட பழைய ஆட்-இன்கள் அதில் ஓடாமல் போகலாம். இரண்டு, இணையத்திலிருந்து வந்த கோப்புகளில் உள்ள மேக்ரோக்களை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுக்கிறது. மேக்ரோ கோப்பை மெயிலில் அனுப்பி, புது சிஸ்டத்தில் இறக்கினால் இந்தத் தடை வரலாம். அது உங்களுடைய சொந்தக் கோப்புதான் என்று உறுதியாகத் தெரிந்தால், கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, ‘ப்ராப்பர்ட்டீஸ்’ போய், ‘அன்பிளாக்’ என்பதை டிக் செய்யலாம். யாரோ அனுப்பிய கோப்புக்கு அதைச் செய்யக் கூடாது. அந்தத் தடையே வைரஸுக்காகப் போடப்பட்டதுதான்.

உங்களுடையது எந்த வகை இழப்பு?

முதல் வகை: கோப்பு பழைய சிஸ்டத்திலேயே தங்கிவிட்டது. புது கம்ப்யூட்டர் வாங்கினாலும், விண்டோஸில் புது யூசர் கணக்கு திறந்தாலும் இதுதான் நடக்கும். இது முழுமையாக மீட்கக்கூடியது.

இரண்டாம் வகை: கோப்பு இருக்கிறது, புதிய மென்பொருளுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. 2003-லிருந்து 2007-க்குப் போனவர்களுக்கு நடந்தது இது. ஒவ்வொரு பட்டனாகத் திரும்ப வைப்பதுதான் வழி.

மூன்றாம் வகை: புதிய மென்பொருளில் அந்த வசதியே இல்லை. பிரவுசரில் திறக்கும் எக்ஸெலில் விபிஏ மேக்ரோ ஓடாது. ‘புதிய அவுட்லுக்’கிலும் மேக்ரோ கிடையாது, பழைய வகை ஆட்-இன்களும் ஓடாது. வேறு நிறுவனத்தின் மென்பொருளுக்கு மாறினாலும் பழைய பட்டன் கோப்பு உதவாது. 2000-களின் பிற்பகுதியில், உமாசங்கர் ஐஏஎஸ் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தமிழக அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கும் ஓபன் ஆபிஸுக்கும் மாறியது. அப்படி மாறும்போது டாக்குமென்ட்டுகளைப் புதிய மென்பொருளில் திறக்கலாம். டூல்பாரைப் புதிதாகத்தான் அமைக்க வேண்டும்.

மாற்றுவதற்கு முன் 10 நிமிட வேலை

1. எக்ஸெலைத் திறந்து ‘ஃபைல்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘கஸ்டமைஸ் ரிப்பன்’ என்று போங்கள். கீழே ‘இம்போர்ட்/எக்ஸ்போர்ட்’ இருக்கும். அதில் ‘எக்ஸ்போர்ட் ஆல் கஸ்டமைசேஷன்ஸ்’ கொடுத்தால் ஒரு கோப்பு கிடைக்கும். வேர்டிலும் இதையே தனியாகச் செய்யுங்கள். ஆபிஸ் 2010 முதல் இந்த வசதி உண்டு.

2. மேக்ரோக்களை எடுங்கள். சி டிரைவில் ‘யூசர்ஸ்’, உங்கள் பெயர், ‘ஆப்டேட்டா’, ‘ரோமிங்’, ‘மைக்ரோசாஃப்ட்’ என்று உள்ளே போனால் ‘எக்ஸெல்’ ஃபோல்டருக்குள் ‘எக்ஸ்எல்ஸ்டார்ட்’ இருக்கும். பெர்சனல் வொர்க்புக் அங்கே. ‘டெம்ப்ளேட்ஸ்’ ஃபோல்டரில் வேர்டின் நார்மல் டெம்ப்ளேட். ‘ஆப்டேட்டா’ மறைந்திருக்கும், ‘வியூ’வில் ‘ஹிட்டன் ஐட்டம்ஸ்’ஸை ஆன் செய்தால் தெரியும்.

3. டூல்பாரைப் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பு எதுவும் கைகொடுக்காவிட்டாலும், போட்டோவைப் பார்த்துத் திரும்ப வைத்துவிடலாம்.

4. பழைய ஆட்-இன் ஏதாவது இருந்தால், இன்ஸ்டால் செய்வதற்கு முன்பே “32-பிட்டா, 64-பிட்டா?” என்று கேளுங்கள். 32-பிட் ஆபிஸும் போட முடியும்.

புது சிஸ்டத்தில் அதே இடத்துக்குப் போய் ‘இம்போர்ட்’ கொடுத்தால் பட்டன்கள் வந்துவிடும். அங்கே ஏற்கெனவே ஏதாவது மாற்றி வைத்திருந்தால் அது அழிந்துவிடும் என்பதால் இதை முதல் வேலையாகச் செய்வது நல்லது. புது சிஸ்டத்தில் யூசர் பெயர் மாறியிருந்தால் மேக்ரோ பட்டன்கள் பழைய முகவரியையே தேடும். அவற்றை மட்டும் மறுபடி இணைக்க வேண்டும்.

ஏற்கெனவே போய்விட்டதா?

பதற வேண்டாம். முதலில் ரிப்பனில் ரைட் கிளிக் செய்து ‘ஷோ குயிக் ஆக்ஸஸ் டூல்பார்’ இருக்கிறதா என்று பாருங்கள். புதிய தோற்றத்தில் அந்தப் பட்டை மறைந்திருக்கலாம்.

அதிலும் இல்லையென்றால் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடுங்கள். அதை ஃபார்மட் செய்யாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ‘ஆப்டேட்டா’, ‘லோக்கல்’, ‘மைக்ரோசாஃப்ட்’, ‘ஆபிஸ்’ என்ற ஃபோல்டரில் ‘ஆபிஸ்யூஐ’ என்று முடியும் கோப்புகள் இருக்கும். ஆபிஸை மூடிவிட்டு, அவற்றைப் புது சிஸ்டத்தில் அதே ஃபோல்டரில் போடுங்கள்.

டூல்பாரைவிட நீண்ட ஆயுள் கீபோர்டு குறுக்குவழிகளுக்கு உண்டு. எக்ஸெல் 2003 காலத்தில் பேஸ்ட் ஸ்பெஷலுக்கு அழுத்திய ஆல்ட், இ, எஸ் இன்றைய எக்ஸெலிலும் வேலை செய்கிறது. குயிக் ஆக்ஸஸ் பட்டையில் முதல் பட்டனுக்கு ஆல்ட்-1, அடுத்ததற்கு ஆல்ட்-2. முக்கியமான பட்டன்களை எப்போதும் அதே வரிசையில் வைத்தால், திரை எப்படி மாறினாலும் விரல் மாற வேண்டியதில்லை.

அலுவலகம் நடத்துகிறவர்களுக்கும் ஒன்று. புது சிஸ்டம் போடும் தேதியை விற்பவர் முடிவு செய்ய விடாதீர்கள். 20-ம் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் மாற்றிவிட்டு “ஏம்மா இன்னும் முடியல?” என்று கேட்பது நியாயமில்லை. 3பி எல்லாம் போட்டு முடித்த பிறகு, வேலை குறைந்த ஒரு நாளில், அந்த நாற்காலியில் உட்காருகிறவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாற்றுங்கள். எந்தப் பட்டன் முக்கியம் என்று அவருக்குத்தான் தெரியும்.