எல்லைக்கோடு பார்க்காத காற்று
ஒக்கிப் புயல் கற்பித்த பாடங்கள்

(நமது பனச்சமூடு நிருபர்)

பனச்சமூடு கடைத்தெருவில் நிற்கும் புதியவருக்கு எது தமிழ்நாடு, எது கேரளம் என்று சொல்லத் தெரியாது. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. ரேஷன் கார்டு ஒரு பக்கம், கூலி வேலை மறு பக்கம் என்று இங்கே ஆயிரம் குடும்பங்கள் வாழ்கின்றன. 2017 நவம்பர் 30, வியாழக்கிழமை வீசிய ஒக்கிப் புயல் இந்தக் கோட்டைப் பார்க்கவில்லை. ரப்பர் மரங்கள் இரு புறமும் முறிந்தன. வாழைத் தோட்டங்கள் தரைமட்டமாயின. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்து, ஊர்கள் பல நாள் இருளில் கிடந்தன.

ஒரே நாளில் வளர்ந்த புயல்

வழக்கமாக வங்கக் கடலில் தோன்றும் புயல் கரை சேரப் பல நாட்கள் எடுத்துக்கொள்ளும். ஒக்கி அப்படியல்ல. நவம்பர் 29 காலை இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலை குமரிமுனைக்குத் தெற்கே புயலாகிவிட்டது. புயல் என்ற அறிவிப்பு 30-ம் தேதி நண்பகலை ஒட்டியே வந்தது. அதற்கு முன் வந்தவை, காற்று பலமாக வீசும், மீனவர் கடலுக்குப் போகவேண்டாம் என்ற எச்சரிக்கைகளே.

கரையில் இருந்தவர்களுக்கே அது எட்டாதபோது, கடலில் இருந்தவர்களைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி மீனவர்கள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கிச் சுறா பிடிப்பவர்கள். பலர் கொச்சியிலிருந்து விசைப்படகில் கிளம்புபவர்கள். கரையை விட்டுச் சில கடல்மைல் போனால் கைபேசி வேலை செய்யாது. இப்படிப் போனவர்களிலும், பூந்துறை, விழிஞ்ஞம் பகுதியிலிருந்து வள்ளத்தில் போனவர்களிலும் 200-க்கு மேற்பட்டோர் திரும்பவே இல்லை. தேடுதலைத் துரிதப்படுத்தக் கோரி டிசம்பர் 7-ல் மீனவ மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்தனர். ரயில்கள் பல மணி நேரம் நின்றன.

அரபிக்கடலும் சூடாகிறது

புயலுக்கு உணவு கடலின் வெப்பம். மேல்நீரின் வெப்பம் 26 முதல் 27 டிகிரி செல்சியசுக்கு மேல் இருந்தால், ஆவியாகும் நீர் மேலே போய் மழையாகும்போது வெளிவரும் வெப்பம் புயலை ஊட்டி வளர்க்கிறது. வங்கக் கடலைவிடக் குளிர்ந்திருந்த அரபிக்கடலில் ஒரு காலத்தில் புயல்கள் குறைவு. இன்று அது வேகமாகச் சூடேறி வருகிறது. அரபிக்கடலில் 1982-2000 காலத்தைவிட 2001-2019 காலத்தில் புயல்கள் 52 சதவீதம் பெருகியுள்ளன என்று புனே வெப்பமண்டல வானிலை ஆய்வுக்கழக விஞ்ஞானிகளின் 2021-ம் ஆண்டு ஆய்வு கூறுகிறது. 2019-ல் கியார், மஹா என்ற இரு புயல்கள் ஒரே சமயத்தில் அரபிக்கடலில் சுழன்றன. 2021 மே மாதம் டவ்தே புயல் கேரளக் கரையை உலுக்கிவிட்டுக் குஜராத்தில் கரையேறியது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து உலகம் ஏற்றிய வெப்பத்தில் பெரும்பகுதியைக் கடலே வாங்கிக்கொள்கிறது. ஆகவே, "நம் பக்கம் புயல் வராது" என்ற பழைய நம்பிக்கையை இனி விட்டுவிட வேண்டும்.

தொழிலாளர் செய்யவேண்டியவை

ஒக்கிக்குப் பிறகு, கரையிலிருந்து தொலைவில் இருக்கும் படகுக்கும் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை அனுப்பும் கருவிகள் வந்துள்ளன. கருவி இல்லாத படகில் ஏறமாட்டேன் என்று சொல்லத் தொழிலாளிக்கு உரிமை உண்டு.

கடலுக்குப் போகிறவர், படகின் பெயர், பதிவு எண், உடன் போகிறவர்களின் பெயர்கள், புறப்பட்ட நாள் ஆகியவற்றை எழுதி, ஆதார் நகலுடன் வீட்டில் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். ஊர் ஒரு மாநிலம், படகு மறு மாநிலம் என்றால், ஆள் காணாமற்போகும்போது எந்தப் பட்டியலில் அவர் பெயர் ஏறும் என்ற கேள்வி வரும். அப்போது மனைவி மக்கள் இரண்டு கலெக்டர் ஆபீசுக்கும் அலைய நேரிடும். அந்த ஒரு தாள் அவர்களுக்குப் பெரிய சாட்சி.

தோட்டத்தில் வேலை செய்பவருக்கும் ஆபத்துக் குறைவல்ல. ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை நாளில் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போவது கூடாது. முறிந்த மரத்தின் கீழ் அறுந்த மின்கம்பி கிடக்கலாம். மின்வாரியத்தார் வந்து சரிபார்க்கும் வரை கிட்டே போகவேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஷெட்டில் தங்கும் கட்டடத் தொழிலாளர்கள், காற்று எழும் முன்பே அருகிலுள்ள கான்கிரீட் கட்டடத்துக்கோ பள்ளி முகாமுக்கோ போய்விட வேண்டும். காற்று திடீரென்று அடங்கினால் புயல் போய்விட்டதாக எண்ணி வெளியே வரக்கூடாது. நடுப்பகுதி கடந்ததும் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் வீசும்.

டார்ச் விளக்கு, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, இரண்டு நாளைக்கு அவல், குடிநீர், மருந்து, பிளாஸ்டிக் உறையில் ரேஷன் கார்டு, பாஸ்புத்தகம். இவற்றை ஒரே பையில் வைத்திருந்தால் இரவில் தேடவேண்டாம். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு இரு மாநிலத்திலும் 1077. கடலோரக் காவல்படைக்கு 1554. மலையாள அறிவிப்பைப் படிக்கத் தெரியாதவர்கள் நம்மில் பலர். படித்தவர்கள் அதைத் தமிழில் சொல்லித் தருவது கடமை.

வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும் என்றார்கள் பெரியவர்கள். துலா மழை தொடங்குமுன் மேஸ்திரியும் தொழிலாளியும் ஒருநாள் உட்கார்ந்து இவற்றைப் பேசிக்கொண்டால், அடுத்த புயல் எந்த எல்லையைத் தாண்டி வந்தாலும் உயிர்ச்சேதம் குறையும்.